பேய்க்கு என்ன வேணும்? அக்னி வெயில்ல ஆறு நாள்

ரெண்டு மாசமா எதுவும் எழுதல, மன்னிச்சுக்கோங்க. காரணம் வேற ஒண்ணும் இல்ல, நாவல் பதினாலாவது அத்தியாயத்துல மாட்டிக்கிச்சு. தூர்ந்துபோன ஒரு கிணறு, அதுக்குள்ள ஒரு பொம்பளை, வீட்டுக்குப் புதுசா குடி வந்த குடும்பம், எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. எடிட்டர் தம்பி பதிமூணு அத்தியாயத்தையும் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, பயமாதான் இருக்கு, ஆனா இந்தப் பேய்க்கு என்னதான் வேணும்?" பதினெட்டு வருஷமா பேய் எழுதி சாப்பிடுறவ நான், என்கிட்ட பதில் இல்ல. அவ சும்மா வர்றா, கொலுசு சத்தம் கேக்குது, லைட்டு அணையுது, அவ்ளோதான். யோசிச்சுப் பாத்தா எனக்கே கேவலமா இருந்துச்சு.

அதான் கெளம்பிட்டேன். கூட எங்க அண்ணன் பையன், பத்தாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கான், வீட்ல இருந்தா போனைத் தின்னுடுவான்னு அண்ணி என் தலைல கட்டிட்டாங்க. அக்னி நட்சத்திரத்துல ஊர் சுத்தப் போற பைத்தியம் நாங்க ரெண்டு பேர்தான்.

முதல் நாள், திருவாலங்காடு

சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம் லோக்கல். உக்காந்தா சீட்டு சுடுது, நின்னா கம்பி சுடுது. ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ. கோயில் நடராஜர் ஆடின அஞ்சு சபையில ரத்தின சபை, காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடின இடம்னு சொல்லுவாங்க. ராஜேந்திர சோழனோட செப்பேடு 31 ஏடு, 1905ல கிடைச்சதும் இந்த ஊர்லதான், ஆனா அதுக்காக நான் வரல. நான் வந்தது பக்கத்துல இருக்குற பழையனூருக்கு. நீலியோட ஊரு.

"நீலிக்கண்ணீர் வடிக்காத"ன்னு வீட்ல திட்டுறாங்களே, அந்த நீலி. பையனுக்குத் தெரியவே தெரியாதாம், அவன் அதை முதலைக் கண்ணீர் மாதிரி ஒரு ஜந்துன்னு நெனச்சுட்டு இருந்திருக்கான். ஆட்டோவுலயே கதை சொல்ல ஆரம்பிச்சேன். போன பிறவியில புருஷன்காரன் பொண்டாட்டியக் கொன்னுட்டான். அவ பேயாகி, அடுத்த பிறவியில வியாபாரியா வர்ற அவனைத் தேடி வர்றா. அவன்கிட்ட ஒரு மந்திர வாள் இருக்கு, கிட்ட நெருங்க முடியல. இந்த இடத்துலதான் நம்மூர்க் கதை வேற எங்கயும் போகாத வழியில போகுது. அவ அவனை ராத்திரில தொரத்தல, சுவத்துல ஏறல. ஒரு கள்ளிக் கொம்பை ஒடிச்சு, அதைக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, நேரா ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போறா! "என் புருஷன் என்னைக் கை விட்டுட்டாரு, நீங்கதான் சேத்து வைக்கணும்"னு அழுறா. அதுதான் நீலிக்கண்ணீர். கள்ளிக்குழந்தை அவனைப் பாத்து அப்பான்னு போகுது. 70 வேளாளர் உக்காந்து வழக்கு கேக்குறாங்க. அவன் "ஐயா இது பொம்பளை இல்ல, பேய்"னு கதறுறான். அவங்க, "ராத்திரி சேந்து தங்குங்க, வாளை எங்ககிட்ட குடுத்துடு, உனக்கு எதாவது ஆச்சுன்னா நாங்க 70 பேரும் உயிரைக் குடுக்குறோம்"னு வாக்கு குடுக்குறாங்க.

காலையில கதவைத் திறந்தா அவன் செத்துக் கெடக்குறான். 70 பேரும் தீயில இறங்கிட்டாங்க.

"அத்தை, அப்ப கேஸ்ல பேய் ஜெயிச்சுடுச்சா?"ன்னு கேட்டான் பாருங்க. ஆமாடா. அதுவும் சட்டப்படி ஜெயிச்சுது. எனக்கு முதுகுல சில்லுனு ஆச்சு, இத்தனை வருஷமா தெரிஞ்ச கதைதான், ஆனா பதினஞ்சு வயசுப் பையன் அதை கேஸுன்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க தீப்பாஞ்ச இடத்துல மண்டபம் இருக்கு, கல்லுல வரிசையா அவங்க உருவம். வெயில்ல கல்லைத் தொட முடியல. ஏழாம் நூத்தாண்டுல சம்பந்தர் இங்க பாடினப்பவே "ஒருத்தி வாணாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும் பழையனூர்"னு பாடியிருக்காரு, அப்பவே இந்த ஊருக்கு இந்தக் கதை பழசு. பக்கத்துல ஒரு பெரியவர் மாட்டைக் கட்டிட்டு இருந்தாரு. "ஐயா, இப்பவும் பயமா இருக்குமா?"ன்னேன். "பயம் என்னம்மா பயம், வாக்கு குடுத்தா நிக்கணும், அதான் சேதி"ன்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. என் வேலையே பயம் காட்டுறது, இவரு ஒரே வரியில முடிச்சுட்டாரு.

ராத்திரி ரயில்ல மயிலாடுதுறை. தூக்கம் வர்ற வரைக்கும் புதுமைப்பித்தனோட காஞ்சனை இன்னொரு தரம். முப்பது தரம் படிச்சிருப்பேன், இன்னும் அவ மனுஷியா வேறயான்னு அவர் சொல்லல. அதுல கதை சொல்றவனே ஒரு எழுத்தாளன்தான், அதனால எனக்கு அது ஒரு தொழில் எச்சரிக்கை மாதிரி. ரயில்ல படிக்காதீங்க, அப்பர் பெர்த்துல யாராவது அசைஞ்சா கூட உசுரு போகும்.

ரெண்டாம் நாள், பூம்புகார்

மயிலாடுதுறையில லாட்ஜ் போட்டு, பையைப் போட்டுட்டு பஸ் புடிச்சோம். பூம்புகார் கடல்ல வேடிக்கை பாக்க ஒண்ணும் இல்லன்னு பையன் முறைச்சான். உண்மைதான், காவேரி கடல்ல சேர்ற எடத்துல இந்த மாசம் மணல்தான் ஜாஸ்தி, ஐஸ் விக்கிறவரு, சோளம் சுடுறவங்க, கொஞ்சம் படகு. பாக்க வேண்டியதெல்லாம் மணிமேகலையில இருக்கு. ஆறாவது காதை, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. தமிழ்ல ஹாரர் எழுதணும்னு ஆசைப்படுற பசங்க வேற எதையும் படிக்க வேணாம், இதைப் படிங்க.

இந்த ஊரோட சுடுகாட்டை வர்ணிக்கிறாரு சாத்தனார். "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்"னு, எரிக்கிறவன், சும்மா போட்டுட்டுப் போறவன், குழி தோண்டிப் புதைக்கிறவன், பள்ளத்துல வச்சு அடைக்கிறவன், தாழியில கவுக்குறவன்னு அஞ்சு வகை. ஒரு அட்ஜெக்டிவ் கிடையாது பாருங்க. "பயங்கரமான, இருண்ட, அமானுஷ்யமான"ன்னு நான் பத்து வார்த்தை போடுற எடத்துல அந்த ஆளு வெறும் வேலையைச் சொல்லிட்டுப் போறாரு, அதுவே குலை நடுங்குது.

அப்புறம் சார்ங்கலன்னு ஒரு சின்னப் பையன், தெரியாம தனியா அந்தப் பக்கம் போயிடுறான். ஒரு பேய் வெட்டுண்ட தலையைக் கையில வச்சுக்கிட்டு, கண்ணைத் தோண்டித் தின்னுட்டு ஆடுது. ஓடி வந்து அம்மாகிட்ட "பேய்க்கு என் உயிரைக் குடுத்துட்டேன்"னு சொல்லி விழுந்து செத்துடுறான். என்னை மாதிரி ஆளா இருந்தா அதோட அத்தியாயம் முடிஞ்சுது, தொடரும் போட்டிருப்பேன். ஆனா அங்கதான் ஆரம்பிக்குது. அம்மாக்காரி கோதமை புள்ளையோட உடம்பைத் தூக்கிட்டு நடுராத்திரியில கோட்டை வாசல்ல நின்னு காவல் தெய்வம் சம்பாபதியைக் கூப்புட்டு நியாயம் கேக்குறா. "ஊரைக் காக்குற உனக்கு இது தெரியாதா, எம்புள்ளை உயிரைக் குடு"ன்னு. சம்பாபதி வந்து பேய் உயிரை எடுக்காது, அவன் விதி அதுன்னு சொல்றா. கோதமை விடல, அப்ப என் உயிரை எடுத்துக்கன்றா. கடைசியில சக்கரவாளத்துல, அதாவது மொத்த அண்டத்துலயும், இருக்குற அத்தனை தெய்வத்தையும் கூட்டி வந்து நிறுத்த வேண்டியதா போச்சு, "எங்களால முடியாது"ன்னு ஒவ்வொருத்தரும் வாயால சொல்ல.

மறுபடியும் கேஸு! பையன் சோளத்தைக் கடிச்சுக்கிட்டே, "அத்தை, நம்ம ஊர்ல பேய்க்கதைன்னாலே கோர்ட்டு கதைதானா"ன்னான். அவனுக்கு நான் இன்னொரு சோளம் வாங்கிக் குடுத்தேன்.

ராத்திரி லாட்ஜ்ல மின்விசிறி கத்துற சத்தத்துல அவன் போன்ல யாவரும் நலம் போட்டான். 2009ல வந்தது, நான் தியேட்டர்ல பாத்தது. லிஃப்ட்டு மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, மத்தியானம் ஒரு மணி சீரியல்ல இவங்க வீட்டுக் கதையே ஓடும். டிவியில செத்தவங்க வந்து என்ன பண்றாங்கன்னு யோசிச்சா, அதுவும் முறையீடுதான். பாக்காதவங்க பாருங்க, மேல சொன்னா கதை கெட்டுடும்.

மூணாம் நாள், தரங்கம்பாடி வழியா காரைக்கால்

தரங்கம்பாடியில ஒரு மணி நேரம்தான். 1620ல டேனிஷ்காரன் கட்டின கோட்டை, பளிச்சுனு மஞ்சளா நிக்குது, கடல் பாதி முழுங்கின மாசிலாமணி நாதர் கோயில், பழைய வீடுகள். பேய்ப்படம் எடுக்குறவங்களுக்கு ரெடிமேட் செட்டு. அதனாலயோ என்னவோ எனக்கு ஒண்ணும் ஆகல. மோர் குடிச்சுட்டு கெளம்பிட்டோம்.

காரைக்கால்ல நுழைஞ்ச உடனே எதிர்ல வர்ற பைக்கெல்லாம் ஒயின்ஷாப் பக்கம் திரும்புது, புதுச்சேரி யூனியன் பிரதேசம்ல. நாங்க திரும்பினது அம்மையார் கோயிலுக்கு. மாங்கனித் திருவிழா ஆனி மாசம்தான், இப்ப கூட்டமே இல்ல, ஒரு பாட்டி தூணோரமா படுத்திருந்தாங்க.

அம்மையாரோட சொந்தப் பேர் புனிதவதி, அவங்க கதை எல்லாருக்கும் தெரியும். ரெண்டு மாம்பழம், ஒண்ணை சிவனடியாருக்குப் போட்டாச்சு, புருஷன் ரெண்டாவதையும் கேக்குறான், எங்கிருந்தோ ஒண்ணு கைக்கு வருது, அவன் பயந்துபோய் கப்பலேறி வேற ஊர்ல வேற கல்யாணம் பண்ணிக்கிறான். அப்புறம் இவங்க, இந்த அழகு இவனுக்காகத்தான் இருந்துச்சு, இனி வேணாம்னு பேய் வடிவம் கேட்டு வாங்குறாங்க. கேட்டு வாங்குறாங்க, அதைக் கவனிங்க. நான் எழுதின ஒரு பேய் கூட இஷ்டப்பட்டு பேயானது இல்ல. "குண்டுகண் வெண்பல் குழிவயிறு"ன்னு பாட்டுல வர்ணிக்கிற அந்தப் பேய் உருவத்தை யாரும் அவங்க மேல சுமத்தல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. அவங்க பாடின மூத்த திருப்பதிகத்துல, முதல் பதிகத்துல ஒரு பாட்டு இருக்கு. சுடுகாட்டுல ஒரு பேய் தன் குழந்தைக்குக் காளின்னு பேர் வைக்குது. புழுதியைத் துடைச்சு விடுது, பால் குடுக்குது, அப்புறம் எங்கயோ போயிடுது. "போயின தாயை வரவு காணாது அழுதுறங்கும்"னு எழுதுறாங்க. அம்மா வருவான்னு பாத்துப் பாத்து, அழுது அழுது தூங்கிப்போன பேய்க்குழந்தை. அந்தக் காட்டுல நின்னுதான் ஆடுறாரு சிவன்.

கோயில் வாசப்படியில உக்காந்து இதைப் பையனுக்குப் படிச்சுக் காமிச்சேன். அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவங்கம்மாவுக்கு போன் போட்டு சாப்ட்டியான்னு கேட்டான். அவனாக் கேட்டு நான் பாத்ததே இல்ல.

நாலாம் நாள், பஸ்ஸுலயே போச்சு

காரைக்கால்ல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைன்னு பஸ் மாத்தி மாத்தி ஏறுனோம். நேரடி பஸ்ஸுன்னு ஒரு ட்ராவல்ஸ்ல டிக்கெட் போட்டிருந்தேன், அது வரவே இல்ல, போன் பண்ணா ரிங் போயிட்டே இருக்கு, பணம் இன்னும் திரும்பல. விடுங்க.

வழியெல்லாம் கலிங்கத்துப்பரணி. சிரிக்காம படிக்க முடியாது. காளிகிட்ட பேயெல்லாம் வந்து "எங்களுக்குப் பசிக்குது, சோறு இல்ல"ன்னு மனு குடுக்குதுங்க, அந்தப் பகுதிக்குப் பேரே "பேய் முறைப்பாடு". கலிங்கப் போர் முடிஞ்சதும் கூழ் காய்ச்சக் கெளம்புதுங்க, அதுக்கு முன்னாடி யானைத் தந்தத்துல பல் விளக்கணும், யானை விலா எலும்புல நாக்கு வழிக்கணும், குளிக்கணும். சுத்தம் முக்கியம்ல! பரிமாறும்போது சமணப் பேய்க்கு ஒரு வேளை சாப்பாடுதான், அதுக்கு வடிகட்டிக் குடுங்கன்னு வேற கவனிப்பு. எட்டுநூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செயங்கொண்டார் இப்படி எழுதி வச்சிருக்காரு, நம்ம சினிமாப் பேய் இன்னும் வெள்ளைப் பொடவை கட்டிட்டு சாம்பிராணிப் பொகையில நிக்குது.

மீமிசல் தாண்டி பஸ் டயர் பஞ்சர். ராத்திரி ஒம்போதரை. ஸ்டெப்னியும் காத்து கம்மி. எல்லாரும் இறங்கி ரோட்டோரம் உக்காந்தோம், ஒரு பக்கம் கருவேலம், இன்னொரு பக்கம் இருட்டு, கடல் சத்தம் மட்டும் வருது. காலி மீன்கூடையோட ஒரு பெரியம்மா பக்கத்துல உக்காந்தாங்க.

"என்ன வேல பாக்குற ஆத்தா?"

"பேய்க்கதை எழுதுறேன் பெரியம்மா."

"அதுக்கெல்லாம் காசு குடுக்குறாகளா?"

கொஞ்சமா குடுக்குறாங்கன்னேன். அவங்க வெத்தலை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க. "எங்க ஊருல பேய் புடிச்சா கோடாங்கி உடுக்கை அடிப்பான். அடிச்சு மொதல்ல என்ன கேப்பான் தெரியுமா? யாரு நீ, ஒனக்கு என்ன வேணும், அதான் கேப்பான். பூ கேக்கும், பொடவை கேக்கும், கருவாட்டுக் கொழம்பு கேக்கும். ஒருத்தி வந்து அவ புள்ளைய ஒரு தடவ பாக்கணும்னா. காமிச்சாக. போயிட்டா. மயித்த எடுத்து புளியமரத்துல ஆணி அடிச்சாச்சு. கேட்டதக் குடுத்தா அது ஏன் நிக்கப் போகுது?"

எடிட்டர் தம்பி கேட்ட அதே கேள்வி, உடுக்கைச் சத்தத்தோட. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, பெரியம்மா தப்பா நெனச்சுக்கிட்டு, "சிரிக்காத, வெத்தலை வேணுமா"ன்னு ஒரு மடிப்பு குடுத்தாங்க. சுண்ணாம்பு ஜாஸ்தி, இன்னும் நாக்கு வெந்து கெடக்கு.

பஸ் ரெடியாக பதினொண்ணே கால் ஆச்சு. மிச்ச தூரம் பையன் ஒரு காதுல, நான் ஒரு காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு பூதகாலம். மலையாளம், 2022. ஒரு அம்மா, ஒரு புள்ள, ஒரு வாடகை வீடு, ரேவதி நடிச்சிருக்காங்க. பேய் வர்றதுக்கு முன்னாடியே அந்த வீட்டுல மூச்சு முட்டுது. அதே டைரக்டர் ராகுல் சதாசிவனோட பிரம்மயுகமும் பாருங்க, 2024, முழுக்க கறுப்பு வெள்ளை, மம்மூட்டி சாப்பிடுற சீனைப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாள் கோழி எறங்கல.

அஞ்சாம் நாள், தனுஷ்கோடி

ராமேஸ்வரத்துல இருந்து விடிகாலையில ஜீப். இப்ப அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, ரெண்டு பக்கமும் கடல். வழியில பத்து பேராவது "பேய் ஊரு மேடம், ஆறு மணிக்கு மேல ஆள் இருக்க முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்கு மேல சுத்திப் பாக்க வர்றவங்களை விட மாட்டாங்க, அது நிஜம். பேய்க்காக இல்ல.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பன்ல இருந்து வந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அலையில போச்சு, உள்ள இருந்த நூத்துக்கும் மேல பட்டவங்க ஒருத்தரும் பொழைக்கல. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச், எல்லாம் போச்சு. அரசாங்கம் மனுஷன் வாழ லாயக்கில்லாத ஊருன்னு அறிவிச்சுது. அதுக்கு முன்னாடி இது இலங்கைக்குக் கப்பல் போன துறைமுகம்.

சர்ச்சு செவுரைக் கிட்டப் போய்ப் பாருங்க. செங்கல் இல்ல, பவளப்பாறைக் கல்லு. ஒவ்வொரு கல்லுலயும் சின்னச் சின்னப் பூப்பூவா ஓட்டை, கடல்ல உயிரோட இருந்தப்ப இருந்த கண்ணு. விரலை வச்சா பொடி உதிருது. சுத்தி செல்ஃபி கூட்டம், ஒருத்தன் பேய் வீடியோ எடுக்குறேன்னு தங்கச்சியை ஜன்னல் வழியா தலைமுடியை விரிச்சுப் போட்டு எட்டிப் பாக்கச் சொல்லிட்டு இருந்தான். நான் கண்டும் காணாத மாதிரி வந்துட்டேன், என்கிட்ட திட்டுறதுக்கு யோக்கியதை இல்ல.

கொஞ்சம் தள்ளி கொட்டாய்ங்க இருக்கு, மீன்புடிக்கிறவங்க குடும்பம். ஒரு அக்கா மணல்ல முழங்கால் ஆழத்துக்கு குழி தோண்டி உக்காந்து தண்ணி எடுத்துட்டு இருந்தாங்க. கூப்பிடு தூரத்துல கடல், குழியில நல்ல தண்ணி! கொட்டாங்கச்சியால மோந்து குடத்துல ஊத்துறாங்க. ரெண்டு கொட்டாங்கச்சி மோந்தா நிறுத்திடுறாங்க, மறுபடி ஊறுற வரைக்கும் உக்காந்திருக்காங்க.

"வேகமா மோந்தா என்னக்கா?"

"மண்ணு கலங்கிரும். அப்புறம் உப்பு ஏறிரும். ஊத்து கோவிச்சுக்கிட்டா அவ்வளவுதான், வேற எடந்தான் தோண்டணும்." எனக்கும் ஒரு கொட்டாங்கச்சி குடுத்தாங்க. இனிப்பா இருந்துச்சு, நெஜமா.

எப்பவும் கேக்குறதைக் கேட்டுட்டேன், ராத்திரி எதாவது தெரியுமான்னு. "வர்ற அம்புட்டு பேரும் இதத்தான் கேக்குறீக"ன்னு சிரிச்சாங்க. "செத்தவுக எங்க சனந்தான. எங்களை என்ன பண்ணப் போறாக? அவுக ஒண்ணும் கேக்கல. நாங்கதான் குழாய் வேணும், கரண்டு வேணும்னு மனு குடுத்துக்கிட்டே இருக்கோம்." குடம் நெறைஞ்சதும் குழி மேல ஒரு பலகையைப் போட்டு, அதுமேல கல்லு வச்சாங்க, நாய் வாய் வைக்காம. போறப்ப திரும்பிப் பாத்து, "பொழுது சாஞ்சா மண்ணு சரியும், மூடிக்கிட்டா ஊத்துக்கண்ணு செத்துப்போகும்"னாங்க.

நான் அங்கயே நின்னுட்டேன். என் நாவல்ல கிணறு தூர்ந்துபோச்சுன்னு எழுதியிருக்கேன். தானா எப்படித் தூரும்?

ஆறாம் நாள், திரும்பி

மத்தியானம் வரைக்கும் லாட்ஜ்ல தூங்கினோம், நகரை மீன் வறுவல், சோறு, மறுபடி தூக்கம். சாயங்கால ரயில் புதுப் பாம்பன் பாலத்துல போச்சு, 2025 ஏப்ரல்ல திறந்தது, நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேல தூக்கிக்கும், கப்பலுக்கு வழி விட. பக்கத்துலயே 1914ல கட்டின பழைய பாலம். புயல்ல சேதமானப்ப 46 நாள்ல இன்ஜினியர் ஸ்ரீதரன் சரி பண்ணிக் குடுத்த பாலம், இப்ப ரயில் இல்லாம சும்மா நிக்குது. பையன் கதவுகிட்ட நின்னு வீடியோ எடுக்குறான், நான் அவன் சட்டையைப் புடிச்சுக்கிட்டு எடிட்டர் தம்பிக்கு மெசேஜ் டைப் பண்றேன்.

"பேய்க்குக் கிணத்தைத் தூர் வாரணும்."

உடனே பதில் வந்துச்சு. "வாரினா?"

"அதை மண்ணு போட்டு மூடினது யாருன்னு ஊர்ல ஏழு பேருக்குத் தெரியும். ஏழு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் வாக்கு குடுத்திருக்காங்க. அவ பதினாலாவது அத்தியாயத்துல பஞ்சாயத்துக்கு வர்றா, பகல்ல, குடத்தோட."

ப்ளூ டிக் விழுந்துச்சு. மண்டபம் தாண்டி, ராமநாதபுரமும் தாண்டியாச்சு, தம்பிகிட்ட இருந்து இன்னும் சத்தமே இல்ல.